மாறிப்போன சாக்கெட்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

இன்று பேச வரும்போது இரண்டு சிறிய சாக்கெட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். வீட்டிலும் அலுவலகத்திலும் இணையக் கேபிளைக் கணினியில் செருகுகிறோம் அல்லவா, அந்தச் சதுர வாய் கொண்ட சாக்கெட்டுகள்தாம் இவை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரே கடையில், அடுத்தடுத்த இரண்டு தட்டுகளிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அளவு, உலோக உறை, எட்டுத் தங்கநிறக் கம்பிகள் என்று வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் இவற்றுள் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று பொருத்தப்பட்டுவிட்டதால், 2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் மின்னணுவியல் ஆர்வலர்களுக்காகவும் உருவான ஒரு மலிவு விலைக் கணினி, தொழிற்சாலையை விட்டு வெளியே வர முடியாமல் நின்றது.

ராஸ்பெர்ரி பை என்னும் அந்தக் கணினியை இன்று அறியாத பொறியியல் கல்லூரி இல்லை. ஆனால் அதன் தொடக்கம் ஒரு கவலையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்களின் எண்ணிக்கையும், அவர்கள் கொண்டுவரும் நிரல் எழுதும் பழக்கமும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருவதை ஈபென் அப்டனும் அவருடைய சக ஆசிரியர்களும் கவனித்தார்கள். 1981இல் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ போன்ற கணினிகளைத் திறந்து, கெடுத்து, மீண்டும் சரிசெய்து கற்ற தலைமுறை அவர்களுடையது. வீட்டில் இருக்கும் ஒரே கணினியைப் பிள்ளை தொட்டால் பெற்றோர் பதறும் காலத்தில், கெட்டுப்போனாலும் பெரிய இழப்பில்லை என்று சொல்லும் விலையில் ஒரு கணினி வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். 2009இல் அதற்காக ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. விலை, ஒரு மாதிரிக்கு 25 டாலர், நெட்வொர்க் வசதியுள்ள மாதிரிக்கு 35 டாலர் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் 35 டாலர் என்பது ஏறத்தாழ 1,700 ரூபாய்.

விலையை முதலில் சொல்லிவிட்டுப் பொருளைப் பிறகு செய்வது எவ்வளவு கடினம் என்பதைப் பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சிறிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் நன்கு அறிவேன். சாதாரணமாக ஒரு போர்டு, அதாவது பாகங்கள் பொருத்திய மின்சுற்றுப் பலகை, செய்யும்போது, உதிரிபாகங்களை ஸ்டோர்ஸில் கூடுதலாக வாங்கி வைப்போம். ஒரு பாகம் கிடைக்காவிட்டால் சற்று விலை அதிகமான மாற்றுப் பாகத்தைப் போட்டு உற்பத்தி லைனை ஓட்டுவோம். சோதனைக்கென்று ஒரு வாரம் ஒதுக்கி வைப்போம். இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். 35 டாலரில் அந்தப் பணத்துக்கு இடமில்லை. எனவே ஒரு மலிவு விலைக் கணினி தாமதமாகும்போது, அந்தத் தாமதத்தின் வேர் அதன் விலையிலேயே இருக்கிறது என்பதுதான் என் உறுதியான கருத்து. விலை குறையக் குறைய, பிழையைத் தாங்கும் இடைவெளியும் குறைகிறது.

ராஸ்பெர்ரி பை என்பது உறை இல்லாத ஒற்றைப் போர்டுதான். 2011 டிசம்பரில் அதன் பீட்டா போர்டுகள், அதாவது சோதனை மாதிரிகள், செய்யப்பட்டன. நூறு வெற்று போர்டுகள் அச்சிட்டு அவற்றுள் இருபத்தைந்தில் மட்டும் பாகங்களைப் பொருத்திப் பார்த்தபோது, கணினியின் மூளையான ப்ராசஸர் சில்லின் சில கால்களுக்குச் சேர வேண்டிய மின்னழுத்தம் சேராதது தெரிந்தது. ஒரே ஒரு வடிவமைப்புப் பிழை; திருத்திவிட்டார்கள். அடுத்து, முதல் பத்தாயிரம் போர்டுகளை எங்கே தயாரிப்பது என்ற கேள்வி. இங்கிலாந்திலேயே செய்யத்தான் அவர்கள் விரும்பினார்கள். ஆனால் அங்குள்ள தொழிற்சாலைகள் பன்னிரண்டு வாரம் கேட்டன, சீனத் தொழிற்சாலைகள் நான்கு வாரம் கேட்டன. அத்துடன், உதிரிபாகங்களாக இறக்குமதி செய்தால் வரி, முழுமையான போர்டாக இறக்குமதி செய்தால் வரி இல்லை என்ற நிலையும் இருந்தது. நம் நாட்டுச் சிறுதொழில் செய்பவர்களுக்கு இந்த முறையீடு மிகவும் பழக்கமானது. வேலை தைவானுக்கும் சீனாவுக்கும் போயிற்று.

2012 பிப்ரவரி 29 காலை விற்பனை தொடங்கியது. விநியோகப் பொறுப்பேற்ற இரண்டு நிறுவனங்களின் இணையதளங்களும் கூட்டம் தாங்காமல் உடனே முடங்கின. கைவசம் இருக்கவேண்டியது பத்தாயிரம்; முதல் நாளிலேயே ஆர்டர்கள் ஒரு லட்சத்தை எட்டின. அடுத்த சில நாள்களில், மார்ச் இரண்டாம் வாரம் நெருங்கும்போதுதான், சாக்கெட் மாறிப்போன செய்தி வந்தது.

இந்த இரண்டு சாக்கெட்டுகளில் சரியானதைப் போன்ற வேறொன்றை நேற்றிரவு கட்டிங் பிளையரால் மெல்ல உடைத்துப் பார்த்தேன். உலோக உறையை உரித்து, பின்பக்கத்துப் பிளாஸ்டிக்கைப் பெயர்த்தால், உள்ளே மிளகு அளவு கரிய வளையங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு வளையத்தின் மீதும் தலைமுடியைவிடச் சற்றே தடித்த செம்புக் கம்பி, சிவப்பும் பச்சையுமாக, கையால் சுற்றியதுபோல நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. இவை மிகச் சிறிய டிரான்ஸ்பார்மர்கள். கேபிளில் வரும் தகவல், கம்பி வழியாக நேரே கணினிக்குள் நுழையாமல், இந்த வளையங்களின் காந்தப்புலத்தைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. வெளியிலிருந்து தப்பான மின்னழுத்தம் வந்தாலும் போர்டு பிழைத்துக்கொள்ள இதுவே காப்பு. மற்றொரு சாக்கெட்டில் இந்த வளையங்கள் இல்லை. எட்டுக் கம்பிகள் நேராக எட்டுக் கால்களுக்குப் போகின்றன. விலை குறைவான, வேறு பயன்பாட்டுக்கான, நல்ல சாக்கெட்தான் அதுவும். ஆனால் இந்தப் போர்டில் அதைப் போட்டால் நெட்வொர்க் இணைப்புக் கிடைக்காது.

இரண்டையும் வேறுபடுத்த, மின் இணைப்பு இருந்தால் ஒலிக்கும் மல்டிமீட்டர் என்னும் அளவுக் கருவி ஒன்று போதும். சாக்கெட்டின் வாயில் உள்ள முதல் கம்பியையும் இரண்டாம் கம்பியையும் மீட்டரின் இரு முனைகளால் தொடுகிறேன். இதோ, இந்த ஒலி நேயர்களுக்குக் கேட்கும். வளையத்தைச் சுற்றிய கம்பி இரண்டையும் இணைத்திருப்பதால் மீட்டர் ஒலிக்கிறது. மற்றதைத் தொடுகிறேன்; ஒலி இல்லை. இந்த ஒரு விநாடிச் சோதனை, பாகங்கள் ஸ்டோர்ஸுக்குள் வந்த அன்றே நடந்திருந்தால், போர்டுகளில் பற்றவைத்த சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துளைகளைச் சுத்தம் செய்து, சரியானவற்றைத் தேடி வாங்கிப் பொருத்த வேண்டிய ரீவொர்க் நேர்ந்திராது.

அந்தத் தொழிற்சாலையின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் லைனிலும் ஒருமுறை ஒரு மின்தேக்கி மாறி, முந்நூறு போர்டுகள் சோதனை மேசை வரை வந்துவிட்டன. பாகப்பட்டியலில் எண் சரியாக இருந்தது. பாகங்கள் சுற்றி வரும் ரீலில் ஒட்டியிருந்த சீட்டும் சரியாக இருந்தது. ரீலுக்குள் இருந்தது மட்டும் வேறு. மூன்று நாள் இரவுப் பணியில் அமர்ந்து நாங்கள் ஆறு பேர் அவற்றைக் கழற்றினோம். முந்நூறுக்கே அந்தப் பாடு என்றால், ஆயிரக்கணக்கில் கழற்ற வேண்டியிருந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது.

சாக்கெட் சரியானதும் இன்னொரு தடை எழுந்தது. ஐரோப்பாவில் பொதுமக்களுக்கு விற்கும் மின்னணுப் பொருளுக்கு, அது அங்குள்ள விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.ஈ. முத்திரை வேண்டும். இது வெறும் போர்டு, பொறியாளர்கள் பயன்படுத்தும் பயிற்சிப் பொருள், எனவே விலக்கு உண்டு என்று அறக்கட்டளை கருதியிருந்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வீடுகளுக்குப் போகும் பொருளை முத்திரை இல்லாமல் விற்க மாட்டோம் என்று விநியோக நிறுவனங்கள் மறுத்துவிட்டன. இதை வெறும் அலுவலகச் சடங்கு என்று அன்று பலர் திட்டினார்கள். ஒரு வானொலி நிலையத்தில் அமர்ந்துகொண்டு என்னால் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த முத்திரைக்கான சோதனையில் பார்ப்பவற்றுள் முதன்மையானது, அந்தக் கருவி கசியவிடும் அலைகள் பக்கத்து வீட்டு வானொலியில் கரகரப்பை உண்டாக்குமா என்பதுதான். ஏப்ரல் 6ஆம் தேதி, வன்பொருளில் எந்த மாற்றமும் இல்லாமலே போர்டு தேர்ச்சி பெற்றது. ஏப்ரல் நடுவில் லீட்ஸ் நகரத்துப் பள்ளி மாணவர்களின் கைகளுக்கு முதல் கணினிகள் போய்ச் சேர்ந்தன.

இந்த ஆறேழு வாரங்களிலும் அறக்கட்டளை செய்த ஒன்றை நான் பெரிதும் மதிக்கிறேன். என்ன பாகம் மாறியது, ஏன் மாறியது, எதற்காகச் சோதனை நடக்கிறது என்பதை அவ்வப்போது வெளிப்படையாகச் சொன்னார்கள். நானும் அப்போது ஆர்டர் செய்து காத்திருந்தவன். பெங்களூருவில் என் ஆர்டரைப் பெற்றுக்கொண்ட விற்பனையாளர் மூன்று முறை தேதியை மாற்றினார், ஒருமுறையும் காரணம் சொல்லவில்லை. போர்டு ஆகஸ்டில்தான் வந்தது. ஆனால் சாக்கெட்டின் கதை எனக்கு முன்பே தெரிந்திருந்ததால், அந்தக் காத்திருப்பிலும் நான் எதையோ கற்றுக்கொண்டிருந்தேன்.

தாமதம் வாரக்கணக்கிலிருந்து ஆண்டுக்கணக்குக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பெங்களூருவே சாட்சி. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் இங்குள்ள என்கோர் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து 1999இல் தொடங்கிய சிம்ப்யூட்டர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்தும்படி, இந்திய மொழிகளில் பேசிக்காட்டும் கையடக்கக் கணினியாகத் திட்டமிடப்பட்டது. 2001இல் மாதிரியைக் காட்டினார்கள். 9,000 ரூபாய் என்று பேசினார்கள். கடைக்கு வந்தது 2004இல். சாய்வையும் அசைவையும் உணரும் சில்லுகூட அதில் இருந்தது; இன்றைய கைப்பேசிகளில் நாம் வியந்து பார்த்த வசதி அது. ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் கைப்பேசி ஊரெங்கும் பரவிவிட்டது. அறிவில் குறையில்லை, நோக்கத்தில் குறையில்லை. உற்பத்திக்கான பணமும் ஆர்டரும் நேரத்தில் சேரவில்லை. அந்தக் கருவியை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தவன் நான். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ராஸ்பெர்ரி பைக்கும் பின்னாளில் அதைவிடக் கசப்பான ஒரு காத்திருப்பு வந்தது. உலகெங்கும் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 2021 அக்டோபரில், அதன் வரலாற்றிலேயே முதன்முறையாக விலை உயர்ந்தது. 35 டாலர் மாதிரி 45 டாலர் ஆயிற்று. கிடைத்த போர்டுகளில் பெரும்பங்கை, அவற்றை நம்பி இயங்கும் தொழில் நிறுவனங்களுக்கு முதலில் கொடுக்க முடிவு செய்தார்கள். லைன் நின்றுபோனால் தொழிலாளிகளின் வீட்டில் என்ன ஆகும் என்று அறிந்தவன் என்பதால் அந்த முடிவை என்னால் குறைசொல்ல இயலவில்லை. ஆனாலும், யாருக்காக அந்தக் கணினி பிறந்ததோ அந்தப் பிள்ளைகள்தான் வரிசையின் கடைசியில் நின்றார்கள். அல்சூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் சிறு வகுப்புக்கு நான்கு போர்டுகள் தேவைப்பட்டன. வெளிச்சந்தையில் இரண்டு மடங்குக்கு மேல் விலை சொன்னார்கள். தமிழும் கன்னடமும் கலந்து பேசும் பதினொரு பிள்ளைகள், இரண்டு போர்டுகளைப் பகிர்ந்துகொண்டு அந்த ஆண்டை ஓட்டினார்கள். தன் முறை வரும்வரை நோட்டுப் புத்தகத்தில் நிரலை எழுதி வைத்துக்கொள்வார்கள். முறை வந்ததும் ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சு செய்வார்.

2012 ஆகஸ்டில் எனக்கு வந்த அந்த முதல் போர்டு அந்த இரண்டில் ஒன்று. 256 எம்.பி. நினைவகமும் 700 மெகாஹெர்ட்ஸ் வேகமும் இன்றைக்கு மிகக் குறைவு. திரையில் ஒரு பக்கம் திறக்க நெடுநேரம் ஆகும். ஆனாலும் புதிய பிள்ளைகள் சேரும்போது முதல் வகுப்பை அதில்தான் தொடங்குகிறேன். இந்த இரண்டு சாக்கெட்டுகளையும் மீட்டரையும் மேசைமேல் வைத்துவிட்டு, எது சரியானது என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொல்லி விலகி நிற்பேன். கண்டுபிடித்தபின், போர்டில் கேபிளைச் செருகச் சொல்வேன். ஓரத்தில் லிங்க் என்பதன் சுருக்கமாக LNK என்று எழுதிய இடத்தில் பச்சை விளக்கு எரியும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், இதுவரை கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.