கிராலரின் கீழ் லிங்க் வளையாமல், முறியாமல் இருக்க என்ன செய்வது?

அடுத்த கேள்வி, ராக் கிராலர் பற்றி, அதாவது பாறை மேல் ஏறி இறங்குகிற ரிமோட் வண்டி. அதில் சக்கரங்களைத் தாங்குகிற ஆக்சிலை வண்டியின் சட்டத்தோடு இணைக்கிற கம்பிதான் லிங்க். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "என்னுடைய 1/10 அளவு ராக் கிராலரில் கீழ் லிங்க் இரண்டு தடவை போய்விட்டது, முதலில் வளைந்தது, அப்புறம் முனையில் முறிந்தது. அலுமினியத்தை விட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தால் சரியாகிவிடுமா?"

வளைந்ததும் முறிந்ததும் வேறு வேறு கோளாறு, அதனால் முதலில் அதைப் பிரித்துப் பார்ப்போம். மேல் லிங்க்குக்கு வேலை பெரும்பாலும் இழுப்பதும் தள்ளுவதும்தான். கீழ் லிங்க் அப்படியில்லை, வண்டி பாறை விளிம்பில் வயிறு தட்டி உட்காரும்போது அந்த எடை முழுக்க லிங்க்கின் நடுவில் குறுக்காக விழுகிறது. கம்பி அங்கேதான் வளையும். ஆனால் முறிவது நடுவில் இல்லை. தலையில்லாத எம்3 ஸ்குரூ (3 மி.மீ. மரை) லிங்க்கை விட்டு வெளியே வந்து ராட் எண்டுக்குள் (லிங்க்கின் முனையில் மாட்டுகிற, கண் வைத்த துண்டு) நுழைகிற இடம் இருக்கிறதே, அங்கே ஒரு மில்லிமீட்டர் மரை வெளியே தெரிந்தால் போதும், மொத்த வளைவும் அந்த ஒரு மில்லிமீட்டரில் போய்க் குவிந்துவிடும். எம்3 என்று சொல்கிறோமே தவிர, மரையின் பள்ளத்தில் அளந்தால் சுமார் 2.4 மி.மீ. இரும்புதான் மிச்சம். எனக்கு முறிந்த லிங்க்குகள் எல்லாமே அந்த இடத்தில்தான் முறிந்தன. அதனால் நடுக்கம்பியை ஸ்டீலாக மாற்றிவிட்டு முனையை அப்படியே விட்டால் மறுபடியும் முறியத்தான் செய்யும்.

நான் செய்வது இதுதான். வெளிவிட்டம் 6 மி.மீ., உள்விட்டம் 3 மி.மீ. உள்ள குழாய் எடுங்கள். அதற்குள் முழு நீளத்துக்கும் மரை போட்ட எம்3 ஸ்டெயின்லெஸ் கம்பியை ஓட்டி, இரண்டு பக்கமும் எட்டிலிருந்து பத்து மி.மீ. வெளியே நிற்கிற மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ராட் எண்டைத் திருகி, அது குழாயின் முகத்தில் போய் முட்டிய பிறகு இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். இப்போது உள்ளே கம்பி இழுபட்டு நிற்கிறது, வெளியே குழாய் அமுங்கி நிற்கிறது, இரண்டும் சேர்ந்து ஒரே துண்டு மாதிரி வேலை செய்யும், வெளியே ஒரு மரை கூடத் தெரியாது. இதற்குக் குழாயின் முகம் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். ரம்பத்தில் வெட்டிய முனையை அப்படியே மாட்டாதீர்கள். அரத்தில் மெதுவாகத் தேய்த்து, ராட் எண்டை முட்ட வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கீற்று மாதிரி வெளிச்சம் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலையில்தான் லிங்க்கின் ஆயுளே இருக்கிறது.

குழாய் என்றால் பலம் குறையுமே என்று பயப்பட வேண்டாம். விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியில் ஏறுவதால், 6 மி.மீ. கம்பியின் நடுவில் 3 மி.மீ. துளை போனால் எடையில் கால்வாசி போகும், விறைப்பில் பதினாறில் ஒரு பங்குதான் போகும். அதே கணக்கில் 5 மி.மீ. கம்பியை விட 6 மி.மீ. கம்பி இரண்டு மடங்குக்கும் சற்று அதிக விறைப்பு. உங்களுடையது ஐந்தாக இருந்தால் பொருளை மாற்றுவதற்கு முன் விட்டத்தை மாற்றுங்கள்.

சரி, ஸ்டீல் தேவையா? ஸ்டீல் அலுமினியத்தை விட ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பு, எடையும் அதே மூன்று மடங்கு. 10 செ.மீ. நீளத்தில் முழுக்கம்பியாகவே போட்டாலும் நான்கு கீழ் லிங்க்குக்கும் சேர்த்து அறுபது கிராமுக்குப் பக்கத்தில்தான் கூடும். அதுவும் வண்டியின் அடியில் கூடுகிற எடை, சரிவில் கவிழாமல் இருக்க உதவும். அதனால் கீழே தாராளமாக ஸ்டீல் போடலாம், மேலே அலுமினியம் போதும். ஆனால் முழுக்கம்பியின் முனையில் நீங்களே மரை போடுவதாக இருந்தால் 2.5 மி.மீ. துளை போட்டு, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று போனதும் கொஞ்சம் பின்னால் திருப்பி எடுத்துத்தான் டேப்பை (துளைக்குள் மரை வெட்டுகிற கருவி) இறக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸில் அவசரப்பட்டால் டேப் உள்ளேயே ஒடிந்துவிடும், அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

பிளாஸ்டிக் ராட் எண்டை உலோகத்துக்கு மாற்றலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நான் மாற்றுவதில்லை. பெரிய அடி விழும்போது பிளாஸ்டிக் கழன்று போனால் ஒரு ராட் எண்டோடு முடிந்தது, அது தாங்கிவிட்டால் அந்த அடி ஆக்சிலில் லிங்க் மாட்டுகிற காதுக்குப் போகும்.

கடைசியாக நீளம். குழாயை அளந்தால் போதாது, ஒரு கண்ணின் மையத்திலிருந்து இன்னொரு கண்ணின் மையம் வரை அளக்க வேண்டும். ஒரு பலகையில் அந்தத் தூரத்துக்கு இரண்டு எம்3 ஸ்குரூவை நிறுத்தி, இடது வலது இரண்டு லிங்க்கையும் அதிலேயே மாட்டிப் பாருங்கள். குழாய் முட்டி நிற்பதால் ராட் எண்டைத் திருப்பி நீளத்தைச் சரிக்கட்ட முடியாது, நீளமாக இருக்கிற குழாயைத்தான் தேய்த்துக் குறைக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆக்சில் கோணலாக உட்காரும், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி ஒரு பக்கமாகவே போகும்.