காலை வழிபாடு முடிந்த பிறகு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம்.

கிறிஸ்தவப் பள்ளிகளில் மேய்ப்புப்பணி, அதாவது மேய்ப்பன் ஆடுகளைக் காப்பதுபோலப் பிள்ளைகளைப் பேணும் பணி, என்றவுடன் காலை வழிபாடும், சிற்றாலயமும், மாணவர்களின் ஆன்மிக வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அருட்பணியாளரும்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். வகுப்பாசிரியராக இருந்தபோது நான் செய்த ஒரு பிழைதான் அந்த எண்ணத்தைக் கலைத்தது.

என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை திடீரென்று காலமானார். பள்ளி முழுவதும் கூடி அவருக்காக மன்றாடினோம். ஆசிரியர்கள் அனைவரும் வீட்டுக்குச் சென்று ஆறுதல் சொன்னோம். எதிலும் குறை வைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மதிப்பெண் அட்டைகளைத் திரும்பப் பெற்றபோது, அவனுடைய அட்டையில் ‘தந்தையின் கையொப்பம்’ என்று அச்சிட்டிருந்த கோடு வெறுமையாக இருந்தது. நிமிர்ந்தும் பார்க்காமல் சிவப்பு மையால் அந்த இடத்தைச் சுழித்து, கையொப்பம் வாங்கி வா என்று திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு என் மேசையருகே சிறிது நேரம் நின்றுவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பினான். அடுத்த அட்டையைக் கையில் எடுத்த பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது.

சிற்றாலயத்தில் நாங்கள் அந்தச் சிறுவனை மறக்கவில்லை, மேசையில் மறந்துவிட்டோம். ஒரு பிள்ளை பள்ளியில் கழிக்கும் நேரத்தில் வழிபாட்டுக்குரியது சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் வருகைப் பதிவேட்டிலும், நடைவழியிலும், விளையாட்டுத் திடலிலும், தேர்வுத்தாளின் ஓரத்தில் நாம் எழுதும் இரண்டு வரிகளிலும்தான் கழிகிறது என்பதால், மேய்ப்பனின் கண் அங்கெல்லாம் இருந்தாக வேண்டும்.

யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். நாமும் நாள்தோறும் பெயர் சொல்லித்தான் வருகை எடுக்கிறோம். ஆனால் ‘உள்ளேன்’ என்ற குரல் நேற்றைப்போல இருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்று கேட்கும் ஆசிரியருக்கு அந்தப் பதிவேடே மேய்ப்புப்பணியின் முதல் பக்கமாகிவிடுகிறது.

ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்த இத்தாலிய அருட்பணியாளரும், டான் போஸ்கோ என்று உலகம் அறிந்தவருமான புனித ஜான் போஸ்கோ, 1884ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் ரோமிலிருந்து தாம் நிறுவிய துறவற சபையினருக்கு எழுதிய மடலை இங்கே நினைக்கிறேன். பிள்ளைகளிடம் அன்பு செலுத்தினால் மட்டும் போதாது, தாங்கள் அன்பு செய்யப்படுகிறோம் என்பதை அவர்கள் உணரவும் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த மடலில் அவரை வருத்தியது, ஆசிரியர்கள் முன்போல விளையாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு கலந்திருக்கவில்லை என்பதே. வகுப்பறைக் குறையைவிடத் திடலில் ஏற்பட்ட இடைவெளியை அவர் பெரிதாகக் கண்டார் என்பது என்னை இன்றும் சிந்திக்க வைக்கிறது.

விவிலியத்தில் முதலாம் அரசர்கள் நூலின் பத்தொன்பதாம் அதிகாரமும் ஆசிரியர்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. சாக விரும்பிப் பாலைவனத்தில் படுத்துவிட்ட இறைவாக்கினர் எலியாவை வானதூதர் தொட்டெழுப்பி, தணலில் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் காட்டி உண்ணச் சொல்கிறார். எலியா உண்டு, குடித்து, மீண்டும் உறங்கிவிடுகிறார். வானதூதர் மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்கிறார். ‘இங்கே உனக்கு என்ன வேலை?’ என்று கடவுள் கேட்பது, எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்த பிறகுதான். நாமோ வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையிடம், அவன் உண்டானா, உறங்கினானா என்று அறியுமுன்பே ‘ஏன்?’ என்று கேட்டுவிடுகிறோம். இதனால் கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன்னை அறிந்தவர் கண்டிக்கும்போது, பிள்ளை அதைத் தாங்கிக்கொள்கிறது.

இன்னொன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை தனக்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பற்றிச் சொல்ல முன்வரும்போது, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களிக்க நமக்கு உரிமையில்லை. அதற்காகச் செபிக்கலாம், ஆனால் செபித்துவிட்டு உரியவர்களிடம் தெரிவிக்காமல் இருப்பது மேய்ப்பன் ஓநாய்க்கு வழிவிடுவதாகும். தீங்கிழைத்தவர் நம் நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், இருந்தால் குறிப்பாக, பள்ளியின் பெயரைவிடப் பிள்ளையே பெரிது.

நம் பள்ளிகளுக்கு வேற்றுச் சமயப் பிள்ளைகளும் வருகிறார்கள். மதமாற்றத்தை உள்நோக்கமாகக் கொண்ட பரிவைப் பிள்ளைகள் விரைவிலேயே கண்டுகொள்வார்கள். இயேசு சொன்ன உவமையில் வரும் நல்ல சமாரியர், வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் நம்பிக்கையை விசாரித்துவிட்டுக் காயம் கட்டவில்லை.

அந்த மாணவனிடம் மறுநாள் தனியாக மன்னிப்புக் கேட்டேன். ‘பரவாயில்லை சார், அம்மா போடலாமான்னு தெரியல, அதான் விட்டுட்டேன்’ என்றான். ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நீண்ட விவாதம் எதுவும் நடக்கவில்லை. அலுவலக எழுத்தர் அட்டையின் அச்சுப்படியை எடுத்து வந்து ‘தந்தையின்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘பெற்றோர் அல்லது பொறுப்பாளர்’ என்று எழுதினார். அடுத்த பருவத்தில் அவன் கொண்டுவந்த அட்டையில், அந்தக் கோட்டின் மேல் அவன் தாயின் கையொப்பம் இருந்தது.

நன்றி, வணக்கம்.