வீட்டு சர்வருக்கு எந்த ரேக் பெட்டி?

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண வீடியோக்கள், குழந்தைகளின் புகைப்படங்கள், தொழில் தொடர்பான கோப்புகள் என அனைத்தையும் வீட்டிலேயே ஒரு சர்வரில் சேமித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எந்த ஹார்ட் டிஸ்க் வாங்குவது என்று மாதக்கணக்கில் அலசிவிட்டு, அவற்றைத் தாங்கப்போகும் ரேக் பெட்டியை மட்டும் விலையை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ரேக் என்பது தூண்கள் கொண்ட அடுக்குச் சட்டம்; சர்வரின் பாகங்களை உள்ளே வைத்து அதில் பொருத்தும் பெட்டிதான் ரேக் பெட்டி. அதன் முகப்பு அகலம் பெரும்பாலும் 19 அங்குலம்தான். உயரத்தை 'யூ' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு யூ என்பது ஒன்றே முக்கால் அங்குலம். உயரம் குறைந்த பெட்டியை வாங்கினால் இடம் மிச்சம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால், வீட்டில் இடத்தைவிட இரைச்சல்தான் பெரும்பாடு. ஒரு யூ பெட்டிக்குள் 40 மில்லிமீட்டர் ஃபேனுக்கு மேல் நிற்காது. அத்தனை சிறிய இறக்கை தேவையான காற்றைத் தள்ள வேண்டுமானால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல வேண்டியிருக்கும். நான்கு யூ பெட்டியில் 120 மில்லிமீட்டர் ஃபேன்களை வரிசையாக வைக்கலாம். அவை ஆயிரத்துச் சொச்சம் சுற்றிலேயே அந்த வேலையை முடித்துவிடும்.

இதை நான் எங்கு பேசினாலும் என் நண்பர் வீட்டுக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய 2 யூ பெட்டியை, முகப்பில் பன்னிரண்டு டிஸ்க் செருகலாம், விலையும் மலிவு என்று வாங்கி வந்து, கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்தார். சுவிட்சைப் போட்டதும் எல்லா ஃபேன்களும் முழுவேகத்தில் கிளம்ப, சமையலறையிலிருந்த அவர் துணைவியார், மிக்ஸியை யார் போட்டது என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். பெட்டி பரணுக்கு ஏறியது. மே மாதப் பரணின் சூட்டைக் கேட்க வேண்டுமா? வெப்பத்துக்கேற்ப வேகம் கூட்டும் ஃபேன்கள் அங்கே இன்னும் உரக்கக் கத்தின. பிறகு சத்தம் குறைந்த ஃபேன்களை வாங்கி மாட்டினார். வீடு அமைதியானது, டிஸ்க்குகள் ஐம்பது டிகிரியைத் தாண்டின. நெருக்கி அடுக்கிய டிஸ்க்குகளின் இடுக்கு வழியே காற்றை இழுக்க அழுத்தம் வேண்டும். மெதுவாகச் சுழலும் சிறிய ஃபேனுக்கு அந்தத் தெம்பு கிடையாது. இப்போது அவரிடம் இருப்பது நான்கு யூ பெட்டி. அதனால் மீண்டும் சொல்கிறேன்: உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையையும் பாருங்கள். பெட்டி பெரிதாக இருந்தும், சர்வருக்கே உரிய ஒல்லியான பவர் சப்ளை அமைந்துவிட்டால், அதன் சிறிய ஃபேன் தனியாகக் கிடந்து அலறும்.

அடுத்தது ஆழம். வீடுகளுக்கென விற்கும் சுவர் ரேக்குகள் பெரும்பாலும் 450 அல்லது 600 மில்லிமீட்டர் ஆழமே உள்ளவை. முகப்பில் இருபத்து நான்கு டிஸ்க் செருகும் நான்கு யூ பெட்டியோ பொதுவாக 650 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், பின்னால் கேபிள் வளைவதற்கும் இடம் விட வேண்டும். ஆகவே முன்தூணிலிருந்து பின்தூண் வரை அளந்துகொண்ட பிறகே கடைக்குச் செல்லுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டதால் மின்சாரத்தையும் எடையையும் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் 300 வாட்டை நெருங்கும் என்பதால், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பன்னிரண்டு டிஸ்க்குகளே எட்டு கிலோ வரும். ஆகவே முகப்புத் திருகுகளை மட்டும் நம்பிப் பெட்டியைத் தொங்கவிடாமல், பக்கங்களில் ரெயிலோ அடியில் தட்டோ கட்டாயம் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.