நல்ல பூஞ்சையைத் தேடும் தட்டு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். ஆய்வகத் தட்டில் எண்ணக்கூடிய பூஞ்சைகளோ பெரும்பாலும் ஆயிரங்களிலோ லட்சங்களிலோதான் இருக்கும். அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து, வேரழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா போன்ற ஒரு பூஞ்சையை எப்படிப் பிரித்தெடுக்கிறோம் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பூஞ்சைகளை வளர்க்கும் வழக்கமான உணவுக்கூழான உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகரில் மண்கரைசலைப் பரப்பினால், மறுநாளே பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாகப் படர்ந்துவிடும். அவற்றையும் மீறி எழும் ரைசோபஸ் என்னும் பூஞ்சை இரண்டு மூன்று நாளில் பஞ்சு அடைத்ததுபோல் வளர்ந்து மூடியை எட்டிவிடும். நாம் தேடிய பூஞ்சை அந்தப் பஞ்சுக்கு அடியில் எங்கோ கிடக்கும். ஆகவே தேர்வு ஊடகத்தை, அதாவது வேண்டிய பூஞ்சைக்கு மட்டும் இடம்கொடுக்கும் உணவுக்கூழைத் தயாரிப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது, எவற்றையெல்லாம் வளரவிடக் கூடாது என்பதையே.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, 1981-ஆம் ஆண்டில் எலாட், செட், ஹெனிஸ் ஆகிய மூவரும் டிரைக்கோடெர்மாவுக்கென வெளியிட்ட ஊடகம். உருளைக்கிழங்கு ஊடகத்தில் லிட்டருக்கு 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் சேர்க்கிறோம். இவர்களோ 3 கிராம் குளுக்கோஸோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் குறைந்த சர்க்கரையிலும் டிரைக்கோடெர்மா விரைந்து வளர்ந்து வித்துகளை, அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்களை, உண்டாக்கிவிடும். இதில் சேரும் குளோராம்பெனிகால் என்னும் மருந்து பாக்டீரியாக்களை அடக்குகிறது. பென்டாகுளோரோநைட்ரோபென்சீன் என்னும் பூஞ்சைக்கொல்லி, ரைசோக்டோனியா என்னும் நோய்ப் பூஞ்சை உள்ளிட்ட பல பூஞ்சைகளைத் தடுக்கிறது. அது தொடாத பித்தியம் என்னும் நோய்க்கிருமி வகையை டெக்சான் என்னும் மற்றொரு கொல்லி பார்த்துக்கொள்கிறது. ரோஸ் பெங்கால் என்னும் இளஞ்சிவப்புச் சாயம், தாறுமாறாகப் படரும் பூஞ்சைகளைச் சிறு வட்டங்களாகக் கட்டுப்படுத்துகிறது.

பொருள்களைச் சரியாக எடைபோட்டாலும், கையாளுவதில் பிசகினால் பலன் கிட்டாது. குளோராம்பெனிகால், ஊடகத்தை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவின் சூட்டைத் தாங்கும். 1950-இல் மார்ட்டின் வகுத்த ரோஸ் பெங்கால் ஊடகத்தில் சேரும் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்து தாங்காது. ஊடகம் 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை ஆறிய பிறகே, அதாவது குடுவையை உள்ளங்கையில் பிடிக்க முடிகிற பதத்தில்தான், அதைக் கலக்க வேண்டும். அதற்கும் மேலாக ஆறவிட்டால் அகர் குடுவைக்குள்ளேயே கட்டிதட்டத் தொடங்கிவிடும்.

வெளிச்சத்தின் பாடத்தை நான் பட்டுத்தான் கற்றேன். ஊற்றி வைத்த ரோஸ் பெங்கால் தட்டுகளைச் சன்னலோரத்தில் விட்டுவிட்டு, அடுத்த வாரம் அவற்றில் மண்கரைசலைப் பரப்பினேன். ஒரே மண்ணிலிருந்து, இருட்டில் வைத்த தட்டுகளில் நன்றாக வளர்ந்த பூஞ்சைகள் இவற்றில் அரிதாகவே முளைத்தன. வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் வீரியமான ஆக்சிஜனை உண்டாக்கி, நமக்கு வேண்டிய வித்துகளையும் சேர்த்தே கொன்றுவிடுகிறது. அன்றிலிருந்து கறுப்புத் தாளில் சுற்றாமல் ஒரு தட்டைக்கூட நான் வெளியே வைத்ததில்லை.

மண்ணைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவுகளில் பரப்பி, 25 முதல் 28 டிகிரியில் வைத்தால், ஐந்தாறு நாளில் விடை தெரியும். முதலில் வெள்ளை இழைகள் எழும். பிறகு அவற்றின் மேல் பச்சைப் பொடி தூவியதுபோல் வித்துத் திட்டுகள் தோன்றும். அந்தப் பச்சையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. சில இனங்களுக்குத் தேங்காய் மணம் உண்டு; அதற்காகத் திறந்த தட்டை யாரும் மூக்கருகே கொண்டுபோகக் கூடாது.

எல்லா நல்ல பூஞ்சைகளும் இவ்வழிக்கு வருவதில்லை. வேர்களோடு கூடி வாழும் ஆர்பஸ்குலார் மைக்கோரைசா, உயிருள்ள வேர் இல்லாமல் வளராது; அதன் வித்துகளை ஈர மண்ணைச் சல்லடைகளில் சலித்துத்தான் எடுக்கிறோம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தேர்வு ஊடகம் பாக்டீரியாவை அடக்கி வைக்கிறதே தவிர, முழுவதும் கொன்றுவிடுவதில்லை. பச்சைத் திட்டைப் பார்த்ததும் தூய வளர்ப்பு கிடைத்துவிட்டதென்று பெயர் எழுதி ஒட்டினால், இழைகளுக்கடியில் முடங்கியிருக்கும் பாக்டீரியா, அடுத்த தட்டில் மருந்து இல்லாததால் மீண்டும் தலையெடுக்கும். எனவே வளர்ச்சியின் விளிம்பிலிருந்து ஓர் இழைநுனியையோ, ஒற்றை வித்தையோ எடுத்து, மருந்து சேராத ஊடகத்தில் வளர்த்து, அது தூயதுதானா என்று பார்த்த பிறகே, நோய்ப் பூஞ்சைக்கு எதிரே ஒரே தட்டில் வைத்துச் சோதிக்கத் தொடங்குகிறோம்.

நன்றி, வணக்கம்.