தடம் போட்டவர் யார்? – ஆற்றோரச் சரளைப் பாதையில் சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு சரளைப் பாதையில் சைக்கிளில் போகத் திட்டமிடுகிறீர்களா? எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தடத்தை யாருக்காகப் போட்டார்கள்? படகு இழுத்த கோவேறு கழுதைக்கா, நீராவி ரயிலுக்கா, பார வண்டிக்கா? வரைபடத்தில் மூன்றும் ஒரே மாதிரிக் கோடுதான். வித்தியாசம் காலுக்குத் தெரியும், டயருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

படகுத் தடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தக் காலக் கால்வாய்களில் விலங்குகள் கரையில் நடந்து, கயிறு கட்டிப் படகை இழுத்தன. தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டும் என்பதால் கரையும் மட்டம். ஏற வேண்டிய உயரம் முழுவதும், படகை ஏற்றி இறக்கும் 'லாக்' எனப்படும் நீர்க்கதவுகளில் அடங்கிவிடும். அமெரிக்காவில் பொடோமாக் ஆற்றை ஒட்டி, வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லேண்ட் வரை போகும் செசபீக்–ஒஹையோ கால்வாய்த் தடம் இதற்கு நல்ல உதாரணம். நீளம் 297 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் சுமார் 184 மீட்டர்தான். அதை 74 லாக்குகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு லாக்கிலும் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு ஒரு சின்ன மேடு, பிறகு மறுபடி சமதளம்.

சமதளம்தானே, சுலபம் என்று தோன்றும். ஆனால் இறக்கமே இல்லாத பாதையில் மிதிப்பதை நிறுத்த வாய்ப்பே கிடைக்காது. உட்கார்ந்த இடம் மாறாமல் ஆறேழு மணி நேரம் போனால் உள்ளங்கை மரத்துப்போகும், சீட் வலி வந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே எழுந்து நின்று மிதியுங்கள், ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். இன்னொன்று, இந்தத் தடம் மலைச் சரிவுக்கும் ஆற்றுக்கும் நடுவே தாழ்வாகக் கிடக்கிறது. மழை விட்டு இரண்டு மூன்று நாள் ஆனாலும் சக்கரத் தடங்களில் சேறு நிற்கும். வெள்ளம் வடிந்த இடங்களில் வண்டல் மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் கூழாக இருக்கும். குதிகாலால் ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். ஓரத்தில் நீர் கசிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் வேகமான வழி.

அந்தத் தடத்திலேயே பா பா என்ற சுரங்கம் ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் 950 மீட்டர். உள்ளே விளக்கு இல்லை, பாதை குறுகல், ஒரு பக்கம் தண்ணீர். விளக்கைப் பொருத்திக்கொண்டு இறங்கி நடந்துவிடுங்கள்.

கம்பர்லேண்டில் கால்வாய் முடிகிறது. அங்கிருந்து பிட்ஸ்பர்க் வரை சுமார் 240 கிலோமீட்டருக்கு 'கிரேட் அலெகெனி பாசேஜ்' தொடர்கிறது. இதில் பெரும்பகுதி பழைய ரயில் பாதை. பயணம் ஒன்றே, தடம் போட்டவர் வேறு. நீராவி எஞ்சினால் செங்குத்து ஏற முடியாது. அதனால் ஏற்றம் மெல்ல, ஆனால் விடாமல் வரும். கம்பர்லேண்டிலிருந்து 729 மீட்டர் உயரத்திலுள்ள நீர்ப்பிரிமேடு (மழைநீர் இரு திசையாகப் பிரிந்தோடும் மலைமுகடு) வரை சுமார் 38 கிலோமீட்டர் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சராசரிச் சரிவு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. கண்ணுக்குச் சமதளம், கால் மட்டும் ஏன் இப்படிக் கனக்கிறது என்று குழம்பிப்போவீர்கள். பிரேக் ஒட்டுகிறதோ என்று இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பவர்கள் உண்டு! மூட்டை முடிச்சோடு போகிறவர்கள் பிட்ஸ்பர்க்கிலிருந்து தொடங்கினால், இதே ஏற்றம் நீண்ட தூரத்தில் இன்னும் மெதுவாகக் கரையும். கடைசி 38 கிலோமீட்டர் இறக்கம். அங்குள்ள பிக் சாவேஜ் சுரங்கத்தைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையில் நுண்ணிய சுண்ணாம்புக்கல் பொடி போட்டு அமுக்கியிருக்கிறார்கள். காய்ந்தால் தார் ரோட்டுக்கு அடுத்தபடி. நனைந்தால் பசை மாதிரி ஆகி செயினில் ஏறும், டிஸ்க் பிரேக்கின் பேடை, அதாவது தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டையை, தேய்க்கும். நாள் முழுக்க ஈரப் பொடியில் போவதென்றால் ரெசின் பேடைவிட உலோகக் கலவைப் பேடு கூடுதல் நாள் தாங்கும். எதுவானாலும் ஒரு மாற்று ஜோடி பையில் இருக்கட்டும். மாலையில் அழுத்தமில்லாத தண்ணீரால் கழுவி, செயினைத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். பொடியின் மேலேயே எண்ணெய் விட்டால் அது உப்புத்தாள் வேலை செய்யும்.

மூன்றாவது வண்டிப் பாதை. இத்தாலியின் டஸ்கனியில் 'ஸ்ட்ராதே பியாங்கே', அதாவது வெள்ளைச் சாலைகள், இந்த வகை. இவற்றைத் தார் விழுங்கிவிடாமல் காக்கும் எண்ணத்தோடு 1997-இல் கயோலே என்ற ஊரில் பழைய சைக்கிள்களுக்கான 'லெரோய்க்கா' சவாரி தொடங்கியது. தொழில்முறைப் பந்தயம் 2007-இல் வந்தது. இங்கே ஊர்கள் பலவும் குன்றின் தலையில், ஆறு அடியில். ஆகவே பாதை ஆற்றோடு நிற்காது; இறங்கும், கடக்கும், ஏறும். பக்கத்து ஓடைகள் ஒவ்வொன்றும் ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கும். 80 கிலோமீட்டரில் 1500 மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடுவது அதிசயமில்லை.

இங்கேதான் கியர்க் கணக்கு. செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 40 பல், பின்னால் 42 பல் என்று வையுங்கள். 40 மில்லிமீட்டர் டயரோடு, ஒரு சுற்று மிதித்தால் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், 15 சதவீதச் சரிவில் அந்த வேகத்துக்கு, உயரம் ஏற மட்டுமே சுமார் 260 வாட் வேண்டும். நம்மில் பலருக்கு அது சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. முன்னால் 30 பல், பின்னால் 40 என்று மாற்றினால் அதே மிதி வேகத்தில் அதற்குச் சுமார் 205 வாட் போதும். எழுந்து நின்று மிதித்துச் சமாளிக்கலாம் என்றால், தளர்ந்த சரளையில் பின் சக்கரத்தின் பாரம் குறைந்து அது வழுக்கிச் சுற்றும். உட்கார்ந்தபடி, சீட்டின் முன் நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி ஏற வேண்டும். அதற்குச் சின்ன கியர் இருந்தே ஆக வேண்டும்.

டஸ்கனியின் சியென்னா நகருக்குத் தெற்கே மண் களிமண். நனைந்தால் டயரில் அப்பி, ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். இரு பக்கமும் 6 மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும் என்பது இதற்காகத்தான். சக்கரம் சிக்கிய பிறகு வலுவாக மிதிக்காதீர்கள். களிமண்ணோடு புல்லும் குச்சியும் சேர்ந்து, கியர் மாற்றும் பின்பக்க டீரெயிலரை இழுக்கும். அதை ஃபிரேமோடு தாங்கும் சின்ன உலோகத் துண்டான ஹேங்கர் முறியும். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி அளவு, போகும் ஊரில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அதனால் சொந்த ஃபிரேமின் ஹேங்கர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

மூன்று தடத்துக்கும் பொதுவானது காற்றழுத்தம். அதை எண்ணாக மனப்பாடம் செய்யாமல், பழகிக் கண்டுபிடிப்பது நல்லது. மொத்த எடை 85 கிலோ, 40 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத) டயர் என்றால் பின்னால் 32 பிஎஸ்ஐ (பம்பு மீட்டர் காட்டும் காற்றழுத்த அலகு), முன்னால் 29 என்று ஆரம்பியுங்கள். தெரிந்த ஒரு கிலோமீட்டர் கரடுமுரடான பாதையைப் பிடித்து, ஒவ்வொரு முறையும் 2 பிஎஸ்ஐ இறக்கி ஓட்டுங்கள். கல்லில் ரிம் இடித்து 'டக்' என்று கேட்டாலோ, வளைவில் டயர் மடிவது போல இருந்தாலோ, அங்கிருந்து 3 பிஎஸ்ஐ ஏற்றிவிடுங்கள். அதுதான் உங்கள் அளவு. எப்போதும் ஒரே பம்பின் மீட்டரையே நம்புங்கள். பம்புக்குப் பம்பு மாறும். உள்ளே ட்யூப் இருந்தால் 5 பிஎஸ்ஐயாவது கூடுதல் வேண்டும். இல்லையேல் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டை விழும். ட்யூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்க ஊற்றும் திரவமான சீலன்ட் ஒரு டயருக்குச் சுமார் 60 மில்லி. இரண்டு மூன்று மாதத்தில் அது காய்ந்துவிடும். கிளம்பும் முந்தின நாள் சக்கரத்தைக் காதருகே குலுக்கி, சளசளப்புக் கேட்கிறதா என்று பாருங்கள்.

இனி, பள்ளத்தாக்குக்கே உரிய இரண்டு விஷயங்கள். மலைப் பள்ளத்தாக்கில் வெயில் ஏற ஏறக் காற்று மேல்நோக்கி வீசும், பிற்பகலில் பலமாக. இரவிலும் விடியலிலும் கீழ்நோக்கி வரும். ஆகவே ஆற்றோடு இறங்குகிறவர் விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் தூரத்தை முடிக்க வேண்டும். ஆற்றை எதிர்த்து ஏறுகிறவருக்கு அவசரமில்லை, மத்தியானக் காற்று முதுகில் தள்ளும்.

மற்றொன்று, கணினி வரைந்து தரும் உயர வரைபடம். அது பெரும்பாலும் நில உயரத் தரவிலிருந்து வருவது. பாலத்தையும் சுரங்கத்தையும் அதற்குத் தெரியாது. உயரமான பாலம் வரும் இடத்தில், நீங்கள் ஆற்றுக்குள் இறங்கி ஏறுவதாகவும், சுரங்கத்தில் மலை உச்சி வரை போய் வருவதாகவும் காட்டும். ரயில் தடத்தில் ஊசி முனை போல ஒரு 20 சதவீத ஏற்றம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கே ஒரு பாலமோ சுரங்கமோ இருக்கும். வண்டிப் பாதையில் அதே ஊசி முனை தெரிந்தால் நம்பிவிடுங்கள். ஏற்றம் உண்மைதான்.

வணக்கம்.