லேப்டாப் கொதிக்கிறதா? ஃபார்மட் போடும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம். இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

[ஃபேன் இரைச்சல், ஐந்து விநாடி]

ஆன் செய்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிரவுசரில் இரண்டே டேப். அதற்கே இந்த இரைச்சல். கீபோர்டின் மேல் வரிசையில் விரல் வைத்தால் சுடுகிறது. எழுத்தைத் தட்டினால் ஒரு நொடி கழித்துத்தான் திரையில் வருகிறது. உங்கள் லேப்டாப்பும் இப்படித்தான் என்றால், பழசாகிவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவசரப்பட்டு ஃபார்மட்டும் போடாதீர்கள். சூட்டினால் மெதுவாகிற லேப்டாப்பை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது மெதுவாகத்தான் ஓடும்.

காரணம் இதுதான். லேப்டாப்பின் மூளையான ப்ராசஸர் தன் சூட்டைத் தானே அளந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலான லேப்டாப் ப்ராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதை நெருங்கியதும், கருகிப்போகாமல் இருக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தெர்மல் த்ராட்லிங் என்பார்கள்.

[திரையில் டாஸ்க் மேனேஜர்]

உங்களுடையதும் அதுதானா என்று பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். சார்ஜர் மாட்டியிருக்கட்டும். கனமான வேலை ஓடும்போது ஸ்பீட் என்ற எண், அதே திரையில் காட்டும் பேஸ் ஸ்பீடைவிட, அதாவது ப்ராசஸரின் அடிப்படை வேகத்தைவிட, வெகுவாகக் கீழே நிற்கிறதா? கோர் டெம்ப் என்ற மென்பொருளில் சூடு 90-ஐத் தாண்டுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் திருப்புளியை எடுங்கள்.

[பின்மூடி திறக்கிறது]

இதோ, எனக்கு ரொம்பப் பிடித்த பொருள். ப்ராசஸர் மேல் படிந்து ஓரம் வரை போகிற இந்தத் தட்டையான செம்புக் குழாய். பார்த்தால் வெறும் செம்புக் கம்பி என்றுதான் தோன்றும். ஆனால் உள்ளே காலி. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியிருக்கிறார்கள். ஆமாம், தண்ணீர்தான்! மலை உச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் இல்லையா? காற்றழுத்தம் குறையக் குறைய, கொதிப்பதற்குக் குறைந்த சூடே போதும். அதனால் ப்ராசஸர் பக்கம் கொஞ்சம் சூடானதுமே உள்ளே தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் பாய்கிறது. அங்கே சூட்டை இறக்கிவிட்டு மறுபடி தண்ணீராகிறது. திரும்பி வர பம்ப் எதுவும் கிடையாது. குழாயின் உட்சுவர் முழுக்கத் திரி மாதிரி ஒரு பூச்சு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்துவிடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் நடக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

சரி, குழாய் நன்றாக இருந்தும் ஏன் கொதிக்கிறது? ஃபேனைக் கழற்றினால் தெரியும். பாருங்கள், ஃபேனுக்கும், குழாயின் குளிர்ந்த முனையில் இருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டு மாதிரி ஒரு தூசிப் படலம். வெளியே துவாரத்தில் எட்டிப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், ஏனென்றால் அடைப்பு உள்பக்கம். ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறேன். முழுசாக ஒரே துண்டாக வருகிறது.

இதைச் செய்யும் முன் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை எடுத்து, பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிடுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் தெறிக்கும்.

அப்புறம் தெர்மல் பேஸ்ட், அதாவது ப்ராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் செம்புக்கும் நடுவே பூசும் பசை. பல வருடம் ஆனால் காய்ந்து விரிசல் விடும், அந்த விரிசலில் காற்று உட்காரும். காற்றைவிடச் செம்பு பத்தாயிரம் மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும், அதனால் மயிரிழை இடைவெளிகூட வினைதான். பழையதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு மிளகு அளவு வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். செம்புக் குழாயைத் திரும்ப வைத்து, அதன் ஸ்க்ரூக்களை அவற்றின் பக்கத்தில் அச்சிட்ட எண் வரிசையில், ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

[மூடியபின், கோர் டெம்ப் திரை]

முதலில் 94 காட்டியது. இப்போது அதே வேலைக்கு 71.

சூடு சரியாக இருந்தும் மெதுவாக ஓடுகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்கில். அதை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டி போடுங்கள், அவ்வளவுதான். மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள், காற்று இழுக்கும் துவாரம் பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிமூடி உப்பினாலோ, பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

தூசி எடுப்பதற்கு முன்னும் பின்னும் எத்தனை டிகிரி என்று, மாடல் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். அதே மாடலை முதல்முறை திறக்கப்போகிறவருக்கு அது தைரியம் கொடுக்கும்.