வண்ணம் வெச்சல்லோ!

(கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

தாய்மார்களுக்கும், சுவரோரம் ஒதுங்கி நிற்கும் நாலைந்து அப்பாக்களுக்கும் வணக்கம். அம்மாயிகளும் வந்திருக்கிறீர்கள். ரொம்ப நல்லது. இன்றைக்குப் பேசப் போவதில் பாதி உங்களைப் பற்றித்தான்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி வாசலில் நின்று, "மோள்க்கு நல்ல வண்ணம் வெச்சல்லோ!" என்றார். என் அம்மா பொள்ளாச்சியிலிருந்து அன்றைக்குத்தான் வந்திருந்தார். பேத்தி நிறம் கூடிவிட்டாள் என்கிறார்கள் என்று நினைத்து அவருக்கு ஒரே பூரிப்பு. "ஆமாங்க, பாசிப்பயறு மாவுதானுங்க போட்டுக் குளிக்க வெக்கிறோம்" என்றார். சேச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. மலையாளத்தில் வண்ணம் என்றால் பருமன் என்று நான் சொன்னதும் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "குண்டாயிட்டாங்கறாங்களா? அப்ப சாயங்காலம் பொரி உருண்டையை நிறுத்து."

சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். கதவோரம் நின்று மகள் கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளை. வெளுப்பாக இருந்தால் அம்மாயிக்குச் சந்தோஷம், பருமனாக இருந்தால் தின்பண்டம் போய்விடும் என்று ஒரே நிமிடத்தில் இரண்டையும் கற்றுக்கொண்டாள். மறுநாள் பாவாடை நாடாவைக் கட்டும்போது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இன்னும் இறுக்கும்மா" என்றாள்.

எல்லையில் குடியிருப்பதால் நமக்கு இதெல்லாம் இரட்டிப்பாக வருகிறது. மலையாளிகள் "க்ஷீணிச்சு போயல்லோ" என்பார்கள், நாம் "என்ன கண்ணு இப்படி எளைச்சுட்டே" என்போம். அவர்கள் "கறுத்து போயல்லோ", நாம் "வெயில்ல காஞ்ச கருவாடாட்ட வந்திருக்கே". யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. நலம் விசாரிப்பதையே நாம் உடம்பிலிருந்துதான் தொடங்குகிறோம். தன் உடம்பைப் பற்றிக் குழந்தை முதலில் கேட்கும் விமர்சனம் டிவியில் வருவதில்லை. நம் வீட்டு வாசற்படியில் வருகிறது.

2025 மார்ச்சில் கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் முகநூலில் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்தவர் அவருடைய கணவர். கணவர் காலம் வெளுப்பு, உங்கள் காலம் கறுப்பு என்று யாரோ தோல் நிறத்தை வைத்து ஒப்பிட்டதற்கு சாரதா எழுதிய பதில் அது. அதில் ஒரு இடம் என்னைத் தூங்கவிடவில்லை. நாலு வயதில் அம்மாவிடம், என்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாக வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டாராம். நாலு வயது! கையில் போன் இல்லாத காலம். மாநிலத்திலேயே உயர்ந்த அதிகாரி நாற்காலி வரைக்கும் அந்த நிறப் பேச்சு கூடவே வந்திருக்கிறது. கறுப்பு அழகு என்று அவருக்குக் காட்டியது அவருடைய பிள்ளைகளாம்.

ஊரைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் நியாயமில்லை. முப்பது வருடம் டீச்சராக இருந்தேன். ஆண்டு விழா நடனத்துக்கு வரிசை நிறுத்தும்போது யாரை முன்னால் நிறுத்தினேன், யாரைப் பின்னால் தள்ளினேன் என்று இப்போது யோசித்தால் கூசுகிறது. நன்றாக ஆடத் தெரிந்த ஒரு கறுத்த பிள்ளைக்கு மரம் வேஷம் கொடுத்தேன். "உயரமா இருக்கேல்ல கண்ணு, அதுதான்" என்றேன். வகுப்பிலேயே குட்டையான பிள்ளை அது.

சரி, என்ன செய்யலாம்? நிறைய அம்மாக்கள் பிள்ளையை அணைத்துக்கொண்டு, "நீ கறுப்பா இருந்தாலும் லட்சணம்டா" என்று தேற்றுகிறார்கள். தமிழ் டீச்சராகச் சொல்கிறேன், விஷம் முழுக்க அந்த 'உம்'மில் இருக்கிறது. கறுப்பு ஒரு குறை, அதை மீறி உன்னிடம் ஏதோ இருக்கிறது என்றல்லவா அது சொல்கிறது? பிள்ளைகள் இலக்கணம் படிக்கும் முன்பே இதைப் பிடித்துவிடுவார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். வாசலில் விழுந்த வார்த்தைக்கு வாசலிலேயே, பிள்ளையின் காதில் விழும்படி பதில் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். மாமியாரோடு மூணு வேளையும் ஒரே அடுப்படியில் நிற்கிறவர்களுக்குச் சண்டை போடச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? "வளர்ற புள்ளைங்க அத்தே. நேத்து ஒரே மூச்சுல கொய்யா மரத்து உச்சிக்குப் போயிட்டா, பாத்தீங்களா?" அவ்வளவு போதும். பேச்சு உடம்பு எப்படி இருக்கிறது என்பதிலிருந்து உடம்பு என்ன செய்கிறது என்பதற்கு நகர்ந்துவிடும். அம்மா என் பக்கம் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ராத்திரி தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னால் அந்தப் பலம் வராது. அப்புறம், கண்ணாடி முன்னால் சேலை கட்டும்போது "பீப்பாயாட்டம் ஆயிட்டேன்" என்று உங்களையே நீங்கள் திட்டிக்கொள்வதும் அதே காதில்தான் விழுகிறது.

பதில் சொல்லக் கொஞ்சம் விஷயமும் கையில் இருக்கட்டும். ஒரு வயது வரை கொழுகொழுவென்று இருந்த பிள்ளை ஐந்து ஆறு வயதில் விலா எலும்பு தெரிய நிற்கும். உயரத்துக்கான எடை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அந்த வயதில்தான் மிகக் குறைவாக இருக்கும், பிறகு தானாக ஏறும். அதுபோலப் பெண்பிள்ளைகள் வயதுக்கு வருவதற்கு முன் கொஞ்சம் சதை போடுவார்கள், அதுவும் வளர்ச்சிதான். அங்கன்வாடி அட்டையில் புள்ளிகள் கோட்டோடு ஒட்டிப் போகின்றனவா என்று பாருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒட்டிப் பார்க்காதீர்கள். கோடு சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ டாக்டரிடம் போங்கள். உடம்பைக் கேலி செய்யாதே என்றால் உடம்பைக் கவனிக்காதே என்று அர்த்தமில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் ஒரு பங்கீடு சொன்னார். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. நாமோ தட்டு நிறையப் போட்டு, மிச்சம் வைக்காதே என்று மிரட்டி, தின்று முடித்ததும் "குண்டு" என்கிறோம்.

நிறத்தைப் பற்றி ஒரே ஒரு சேதி. தோலில் நிறமி செய்யும் செல்கள் எல்லா நிறத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு நிறமி செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அது பரம்பரையில் வருவது, குங்குமப்பூவில் வராது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அந்த நோயிலேயே ஒரு அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். அவர்கள் பூசிய கிரீமில் பாதரசம் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போகும் முன் ஆறு வயசுக் கன்னத்தில் எதையோ தேய்க்கிறீர்களே, அதனால் சொன்னேன்.

போனைப் பற்றிக் கேட்பீர்கள். பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல்தான் டிவி வந்தது. மூன்றே வருடத்தில் அங்கே பள்ளிக்கூடப் பெண்களில் சிலர் மெலிவதற்காக வாந்தி எடுக்கத் தொடங்கியிருந்ததை ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். முன்பு அந்தப் பழக்கமே அவர்களிடம் தென்படவில்லை. திரைக்கும் பலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போனை வாங்கி வைத்துவிடலாம். அத்தையின் வாயை என்ன செய்வது?

பையன்களை விட்டுவிட்டேன் என்று பின்னால் ஒருவர் முணுமுணுக்கிறார். உண்மைதான். 'எலும்பன்', 'நெத்திலி', 'பூசணி' என்று அவர்களுக்கும் பட்டப்பெயர் வைக்கிறோம். ஆம்பளைப் பிள்ளை அழக்கூடாது என்பதால் அவன் சிரித்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

முடிக்கிறேன், டீ ஆறுகிறது. வெளியே வராந்தாவில் எடை மெஷின் வைத்திருக்கிறார்கள். போன தடவை எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதினார்கள், பிள்ளைகள் அதை வைத்து ஒரு வாரம் கேலி பேசினார்கள். இந்தத் தடவை எண்ணை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். வாங்கினதும் மடித்துப் பையில் வையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.